தூக்கி எறியச் சொன்ன மருந்து

வட்டுக்கோட்டையில் மொன்றியல் என்ற பெயர் பழகாத வீடு குறைவு. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ யாராவது ஒருவர் அங்கே இருப்பார். முதுமையைத் தள்ளிப்போடும் என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் ரபமைசின் என்ற மருந்தும் மொன்றியல் ஆய்வுகூடம் ஒன்றில்தான் பிறந்தது. ஆனால் அதன் மண் வேறு.

1964ஆம் ஆண்டு கடைசியில் கனடாக் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட மருத்துவக் குழு பசிபிக் நடுவிலுள்ள ஈஸ்டர் தீவுக்குப் போனது. தீவு மக்கள் தங்கள் ஊரை ரப்பா நூயி என்பார்கள். அங்கே விமானத்தளம் அமையப்போகிறது, வெளியுலகம் உள்ளே வருமுன் மக்களின் உடல்நிலையைப் பதிந்துவிட வேண்டும் என்பது குழுவின் எண்ணம். அதிலிருந்த நுண்ணுயிரியல் அறிஞர் ஜோர்ஜ் நோக்ராடிக்கு ஒரு சந்தேகம். எங்கும் குதிரைகள் மேய்கின்றன, மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், ஆனாலும் ஏற்புவலி வருவதில்லையே, ஏன்? தீவை 67 துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மண் அள்ளினார். அவர் தேடியது ஏற்புவலிக் கிருமியை. அந்த மண் பின்னர் மொன்றியலில் இருந்த அயர்ஸ்ட் மருந்துக் கம்பனிக்குப் போனபோது, அதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்துப் பக்டீரியா ஒன்று அகப்பட்டது.

இந்த இனம் நமக்கு அந்நியமில்லை. புரட்டாசி கழிந்து முதல் மழை விழும்போது வட்டுக்கோட்டை வயல்வெளியில் எழும் மண்வாசனை, பெரும்பாலும் இந்த இனத்துப் பக்டீரியாக்கள் விடும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம்தான்.

அயர்ஸ்டில் அந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர் சுரேன் சேகல். பஞ்சாபில் 1932இல் பிறந்து, பனாரஸில் மருந்தியல் படித்து, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1972இல் அவருடைய குழு பக்டீரியாவிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, தீவின் பெயரால் ரபமைசின் என்றழைத்தது. பங்கசுக்களைக் கொல்வதில் அது கெட்டிக்காரன். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கியது. பங்கசு மருந்துக்கு அது பெருங்குறை. புற்றுநோய்க் கட்டிகளிலும் நல்ல பலன் தெரிந்தது. அப்படியிருந்தும் 1980களின் தொடக்கத்தில் கம்பனி மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடி, மிஞ்சிய ஊழியர்களை அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு மாற்றியது. இலாபம் தராத சரக்கையெல்லாம் அழித்துவிடச் சொன்னது. ரபமைசினும் அந்தப் பட்டியலில் இருந்தது.

சேகல் அழிக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை பக்டீரியாவைப் பெருக்கி, சிறு குப்பிகளில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனார். இறைச்சியும் ஐஸ்கிரீமும் கிடந்த உறைபெட்டிக்குள், யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது என்று எழுதி ஒட்டிய பொதியாக அது இருந்தது. வீடு மாறியபோது உலர் பனிக்கட்டிக்குள் வைத்துக் கட்டப்பட்டு, தட்டுமுட்டுச் சாமான்களோடு எல்லை கடந்தது. மேலிடத்தின் சொல்லை மீறிய காரியம்தான். அந்த மீறலுக்கு இன்று எத்தனையோ ஆயிரம் பேர் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பேன்.

1987இல் அயர்ஸ்ட், வையத் என்ற கம்பனியுடன் இணைந்தது. புதிய நிர்வாகத்திடம் சேகல் மறுபடியும் வாதாடினார். குறையென்று ஒதுக்கிய குணமே இப்போது கை கொடுத்தது: மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தானே வேண்டும்! 1999இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சில ஆண்டுகளில் இதய நாளங்களில் வைக்கும் ஸ்டென்ட்டுகளிலும் அதைப் பூசினார்கள்.

இதற்கிடையே சேகலுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். தன் மருந்தைத் தானே உட்கொண்டார். வைத்தியர்கள் சொன்ன கெடுவைத் தாண்டி உயிரோடிருந்தார். பிறகு, தன்னைக் காப்பது இந்த மருந்துதானா என்று அறிய அதை நிறுத்தினார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். நோய் பரவி 2003 ஜனவரியில் இறந்தார். ஒரு மனிதரின் அனுபவம் அறிவியல் சான்றாகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

முதுமைப் பேச்சு அவர் மறைந்த பின் வந்தது. ரபமைசின் கலத்தில் எதைப் பிடிக்கிறது என்பதை 1991இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் ஹைட்மன், மொவ்வா, ஹால் மூவரும் ஈஸ்ட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். டோர் என்பது அந்தப் புரதத்தின் பெயர். சத்து இருக்கிறது, வளரலாம் என்று கலத்துக்குச் சொல்வது அதுதான். அதை அடக்கினால், பஞ்சம் வந்ததென்று எண்ணிய கலம் பழுதான புரதங்களை உடைத்து மீண்டும் பயன்படுத்தத் தொடங்கும். அமெரிக்காவின் மூன்று ஆய்வுகூடங்கள் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டன. தீனியில் கலந்தால் மருந்து சிதைந்தது. உறையிட்டுப் பாதுகாக்கும் வழி கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் அறுபது வயதுபோல. அந்த முதிய எலிகளிலும் பெண் எலிகளின் உச்ச ஆயுள் 14 வீதமும், ஆண் எலிகளினது 9 வீதமும் கூடின. தாமதமே பெரிய செய்தியானது: வயதான பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு.

மனிதரில் நிலைமை இவ்வளவு தெளிவில்லை. ஜோன் மனிக் என்ற வைத்திய ஆய்வாளர் நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பனியில் இருந்தபோது, ரபமைசினின் உறவு மருந்தொன்றை முதியவர்களுக்குக் குறைந்த அளவில் கொடுத்து, சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை ஏறத்தாழ 20 வீதம் கூடியதாக 2014இல் அறிவித்தார். அந்த நம்பிக்கையில் ரெஸ்டோர்பயோ என்ற கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2019இல் அவர்களுடைய பெரிய பரிசோதனையில் கொடுத்த மருந்து முதியவர்களின் சுவாச நோயைக் குறைக்கவில்லை. கம்பனி அத்தோடு தளர்ந்தது. சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனும், முதுமை பற்றிய தன் 2024ஆம் ஆண்டு நூலில் இந்த மருந்தைப் பற்றி நிதானமாகவே எழுதுகிறார்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. மண்ணை அள்ளிய நோக்ராடியின் பெயர் சேகல் குழுவின் 1975 கட்டுரைகளில் இல்லை. பெரும் பணம் ஈட்டித் தந்த மருந்தின் வருமானத்தில் ரப்பா நூயி மக்களுக்குப் பங்கும் இல்லை. தீவில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதுவும் போர்த்துக்கேய மொழியில்.

வட்டுக்கோட்டைக்கு வரும் வெளிநாட்டுப் பொதிகளில் சொக்லேட்டோடு விற்றமின் போத்தல்களும் இருக்கும். அம்மாவுக்கு நல்லதென்று பிள்ளைகள் அனுப்புவார்கள். அந்த அன்போடு நாளை ரபமைசினும் வந்து சேரக் கூடாதென்று அஞ்சுகிறேன். அது வாயில் புண்ணாக்கும், கொழுப்பைக் கூட்டும், காயம் ஆறுவதைத் தாமதிக்கும், இரத்தச் சீனியையும் உயர்த்தும். சலரோகம் இத்தனை வீடுகளில் இருக்கும் ஊரில் இது சிறிய விசயமல்ல. அமெரிக்காவில் வளர்ப்பு நாய்களில் இப்போது ஒரு பெரிய பரிசோதனை நடக்கிறது. அதன் முடிவு வரும்வரை பிள்ளைகள் பொறுத்திருக்கலாம்.