மாடிஃபையர்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதில் கதாபாத்திரம் ஒவ்வொன்றுக்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என ஆறு திறன்கள். திறனுக்கு ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணிலிருந்து பிறக்கும் கூட்டல், கழித்தல் எண்ணே மாடிஃபையர்.

‘அளவு’ என்று பொருள்படும் ‘மோடஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். அளவுக்குள் அடக்குவது பழைய பொருள். மாற்றுவது என்பது பின்னால் வந்தது. இரண்டுமே இங்கே பொருந்துவது அழகு.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பில் இதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் ஒழுங்கு செய்தது: மதிப்பெண்ணில் 10-ஐக் கழித்து, வருவதைப் பாதியாக்கி, அரை மிஞ்சினால் கீழே இறக்க வேண்டும். 18-க்கு +4. 10, 11 இரண்டுக்கும் பூஜ்யம். 9-க்கு −1. வலிமை 18 உள்ள வீரன் கதவை உடைக்கிறான், இருபது முகப் பகடையில் 12 விழுகிறது என்றால் கணக்கு 16. இலக்கு 15 ஆனால் கதவு உடைந்தது! மாடிஃபையர் இல்லாவிட்டால் அவன் வெளியேதான் நிற்பான்.

14-க்கும் 15-க்கும் ஒரே +2தான். புதிதாக ஆடுவோர் ஒற்றைப்படை மதிப்பெண்ணை விட இரட்டைப்படையை நாடுவது நல்லது.