ஆதாரமா, ஆதாரப் போலியா?

ஒரு செய்தி பொய்யா என்று விசாரிக்க நமக்குத் தெரியும். ஆனால் செய்தி உண்மையாக இருந்து, அதிலிருந்து எடுத்த முடிவு தவறாக இருந்தால்? அதைக் கண்டறியும் கலையே தர்க்கம். அரபு மதரஸாக்களில் இதை 'மன்திக்' என்று ஓதுகிறோம். 13ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்அப்ஹரீயின் 'ஈஸாகூஜி' இதற்கான பாலபாடம். தவறான வாதத்துக்கு அங்கே 'முகாலதா' என்று பெயர்.

தமிழுக்கும் இக்கலை புதிதல்ல. சீத்தலைச் சாத்தனாரின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிப்பது இதைத்தான். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என வகை பிரிக்கிறார். 'போலி' என்ற சொல்லே பொருத்தமானது. பார்வைக்கு ஆதாரம் போலவே இருக்கும்; ஆனால் ஆதாரம் அல்ல. அன்றாடம் நாம் சந்திக்கும் மூன்றை மட்டும் பார்ப்போம்.

ஒன்று: காரணமே உறுதியாகாமல் முடிவுக்கு வருவது. எங்கள் சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். புகை எழுந்தால் உள்ளே நெருப்பு உண்டு என்பது சரியான முடிவு. அதிகாலைப் பனியைப் புகை என்று எண்ணி நெருப்பு இருப்பதாகச் சொன்னால் அது ஏதுப் போலி. 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. அவை வேறு சம்பவங்களைச் சேர்ந்தவை எனக் காவல்துறை விளக்குவதற்குள் பலர் அஞ்சி ஊர் திரும்ப ரயிலேறினார்கள்.

இரண்டு: இரு பக்கமும் பொருந்தும் காரணம். 'தாடி வைத்திருக்கிறார், எனவே நம்பிக் கடன் கொடுக்கலாம்' என்பது நம்மவர் வாதம். 'தாடி வைத்திருக்கிறார், எனவே எச்சரிக்கையாக இரு' என்பது மற்றவர் வாதம். தாடி நல்லவரிடமும் உண்டு, கெட்டவரிடமும் உண்டு. எனவே அது இரண்டையும் நிரூபிக்காது.

மூன்று: சிலரைக் கண்டு எல்லோர் மீதும் ஏற்றுவது. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களில் பலருக்குக் கொரோனா தொற்று இருந்தது உண்மை. ஆனால் அதிலிருந்து 'முஸ்லிம்களே நோயைப் பரப்புகிறார்கள்' என்ற முடிவுக்குத் தாவினார்கள். பழக்கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும்கூட அதன் விலையைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறியது.

அந்த அநீதியின் வலி நமக்குத் தெரியும். அப்படியிருந்தும், ஓர் அதிகாரியோ ஒரு கடைக்காரரோ நமக்குத் தவறிழைத்தால், 'அவர் சாதிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று நம் மஹல்லாவிலும் பேசுகிறோம். வாதம் அதே வாதம்தான்.

இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதிலுள்ள பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அவர்கள் பெயர் இருந்த இடத்தில் நம் பெயரை வையுங்கள். அப்போது ஏற்க மனம் மறுத்தால், முன்பு அதை ஏற்றதற்குக் காரணம் ஆதாரம் அல்ல, நம் விருப்பம்தான். அத்தகைய செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்திக்கொள்வோம்.