அளவுகோல் யார் கையில்?

சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் நூலக வாயிலோடு திரும்பிச் செல்கிறார். அவரைத் தடுத்தவை அவருடைய கால்களா, நூலகத்தின் படிக்கட்டுகளா? இவ்வினாவுக்கு மருத்துவம் ஒரு விடையையும், உடற்குறைபாடுடையோரின் இயக்கம் வேறொரு விடையையும் அளித்தன. அவற்றிடையே நிகழ்ந்த கருத்துப் போராட்டம் இங்கிலாந்திலே மிகத் தெளிவாக வெளிப்பட்டதாதலின், அந்நாட்டின் வரலாற்றை நாம் சிறிது நோக்குதல் தகும்.

கைத்தொழிற் புரட்சி மனித உடலுக்குப் புதியதோர் அளவுகோலை வகுத்தது. வீட்டோடும் வயலோடும் பிணைந்திருந்த உழைப்பு ஆலைக்குள் நுழைந்தபோது, இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உடலே முழுமையான உடலெனக் கொள்ளப்பட்டது. ஈடுகொடுக்க முடியாதோரிற் பலர், 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின் கீழ், முதியோரோடும் அநாதைகளோடும் வறியோர் இல்லங்களில் அடைக்கப்பட்டனர்.

இரண்டாம் உலக யுத்தம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் காயமுற்றோருக்கான பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்னர் இத்தகையோரிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிக் கிடத்தும் எளிய ஒழுங்கு பல உயிர்களைக் காத்தது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அங்கு 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். பராலிம்பிக் விளையாட்டுகளின் தோற்றுவாய் அதுவே.

குட்மனின் பணி மகத்தானது. ஆயினும் அக்காலப் புனர்வாழ்வின் எல்லையையும் நாம் காணவேண்டும். 1944இல் இயற்றப்பட்ட தொழில் வழங்கற் சட்டம், இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் நிறுவனங்களில் 3 வீத இடத்தை உடற்குறைபாடுடையோருக்கு ஒதுக்கியது. உழைப்புச் சந்தைக்குத் திரும்புவதே புனர்வாழ்வின் வெற்றியெனக் கருதப்பட்டது. அங்ஙனமாயின், குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கும், தசைநோய் நாளுக்குநாள் முற்றும் இளைஞனுக்கும், தளர்ந்த முதியவளுக்கும் அச்சமுதாயத்தில் என்ன இடம்? அவர்களிற் பலருக்குக் கிடைத்தது பராமரிப்பு இல்லத்துக் கட்டில்.

அத்தகைய இல்லங்களுள் ஒன்று ஹாம்ஷயரில் இருந்த லெ கோர்ட். தசைநோயுற்ற போல் ஹன்ட் 1956இல் அங்கு சேர்ந்தார். எத்தனை மணிக்கு உறங்குவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமைக்காகவும் அங்கு வசித்தோர் நிருவாகத்தோடு போராட வேண்டியிருந்தது. தமக்குத் துணைநிற்பர் என நம்பி அவர்கள் ஆய்வாளரை வரவேற்றனர். 1972இல் வெளிவந்த அவ்வாய்வு நூலோ, இத்தகைய இல்லங்களில் வாழ்வோர் சமுதாய ரீதியில் இறந்தவர்களாகவே கொள்ளப்படுகின்றனர் என்றது. அந்நிலையை மாற்ற வழி காட்டவில்லை. அளக்கப்பட்டவர்கள் இந்த அளவுகோலை ஏற்க மறுத்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் ஹன்ட் 'கார்டியன்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக, பிரித்துவைத்தலை எதிர்க்கும் உடற்குறைபாடுடையோர் சங்கம் உருவாயிற்று.

அதன் முன்னணிச் சிந்தனையாளருள் ஒருவர் விக் ஃபிங்கல்ஸ்டைன். தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறைசென்றவர். ஸ்டோக் மண்டவிலில் தாமே சிகிச்சை பெற்றவர். மனிதரைப் பிரித்துவைக்கும் அமைப்பு எத்தகையது என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1976இல் இச்சங்கம் வெளியிட்ட ஆவணம், குறைபாடு வேறு, இயலாமை வேறு என வரையறுத்தது. குறைபாடு உடலைச் சார்ந்தது; இயலாமையோ சமுதாயம் அதன்மேற் சுமத்தும் ஒடுக்குமுறை. 1983இல் மைக் ஒலிவர் இதற்குச் 'சமுதாய மாதிரி' எனப் பெயரிட்டார்.

படிக்கட்டை அகற்றினாலும் வலி அகலாது, களைப்பு நீங்காது என ஜெனி மொறிஸ், லிஸ் க்ரோ போன்ற பெண்ணிலைவாதிகள் பின்னர் சுட்டிக்காட்டினர். அது நியாயமான விமர்சனமே. உடலையும் சூழலையும் ஒருங்கே நோக்கும் வகைப்பாட்டை 2001இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றது. செயற்பாடு, பங்குபற்றல், சூழற் காரணிகள் என்னும் சொற்கள் அதன் அடிப்படை. அது சிலரைப் பற்றியதன்று. மனிதர் அனைவரையும் பற்றியது. நடக்கத் தெரியாதோராய்ப் பிறந்து, முதுமையில் மீண்டும் பிறர் தோளை நாடும் நாம் எல்லோரும் அதனுள் அடங்குவோம்.

ஆயினும் நல்ல சொற்களும் அதிகாரத்தின் கையிற் கூர்மை பெறுவதுண்டு. 2008இல் பிரித்தானிய அரசு புகுத்திய வேலைத்தகுதி மதிப்பீடு, 'செயற்பாடு' என்பதைப் புள்ளியிட்டு அளந்து உதவிப்பணத்தை மறுக்கும் கருவியாயிற்று. அம்மதிப்பீட்டுப் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பலர் தம் சொந்த வீட்டில் வாழ உதவிய சுயாதீன வாழ்வு நிதியம் 2015இல் மூடப்பட்டது.

2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. எழுத்தில் உரிமை உண்டு. ஆனால் எமது பாடசாலையின் மாடி வகுப்புக்கு ஏறமுடியாத மாணவியை இயலாதவள் என்போமா, அக்கட்டடத்தைத் தகாதது என்போமா? விடையை அவளைக் கேட்டே எழுதவேண்டும். லெ கோர்ட்டின் கட்டில்களிலிருந்து எழுந்த குரல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.