முந்திரியிலிருந்து நூலுக்கு

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கொத்தனார் பத்து மில்லிமீட்டர் கம்பி என்று கேட்பது அபூர்வம். "மூணு நூல் கம்பி" என்பார். அங்குலத்துக்கு எட்டு நூல். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தும் நூல் அறுபடவில்லை. ஒன்றரை அங்குல இடத்தில் மூணு நூல் கம்பி எத்தனை நெருக்கி வைக்கலாம்? பன்னிரண்டு நூலில் மூணு நூல் நாலு தடவை, கணக்கு முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் இதே கணக்கு 3/2 ÷ 3/8. பிள்ளை இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கி அதே நாலுக்கு வந்து சேரும். ஏன் கவிழ்க்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கும். கொத்தனார் செய்தது சமான பின்னங்களால் வகுத்தல்: இரண்டுக்கும் ஒரே பகுதி, பிறகு தொகுதிகளை மட்டும் வகு.

இந்த முறைக்கு வயது அதிகம். சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் கணிதப் புத்தகம் பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்துதான் வகுக்கிறது, அதற்கு கி.பி. 263-இல் லியு ஹுய் உரை எழுதினார். இந்தியாவில் 628-இல் பிரம்மகுப்தர் கவிழ்த்துப் பெருக்கும் விதியைத் தருகிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரரும் அதையே சொன்னார். அவருடைய 'கணிதசாரசங்கிரகம்' ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் சென்னையில்தான் அச்சேறியது.

ஆனால் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருந்தது வேறொரு சொத்து. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரியில் நிற்கும் வாய்ப்பாடு. முந்திரி என்றால் 1/320. மேலே உள்ள எல்லாமே முழு முந்திரிகளாகும்: முக்கால் 240, அரைக்கால் 40, மா 16, காணி 4. முக்காலில் அரைக்கால் எத்தனை என்றால் 240-ஐ 40-ஆல் வகுத்து ஆறு என்று சொல்லிவிடலாம். பின்னம் என்ற பயமே எழாது. 320-ஐத் தேர்ந்தவர் யாரோ, கெட்டிக்காரர்: பதினாறாலும் வகுபடும், இருபதாலும் வகுபடும், எண்பதாலும் வகுபடும்.

ஆனால் மூன்றால் வகுபடாது. மூன்றில் ஒரு பங்கு வந்தால் முந்திரியும் நூலும் கைவிரித்துவிடும். நாமே ஒரு பகுதியைத் தேட வேண்டும். வகுப்பறையில் அங்கேதான் சுவாரஸ்யம் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தின் 'தலைகீழி' தேர்வுக்கு விரைவானது, ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே அதைக் கொடுப்பதுதான் அவசரம். 2/3 ÷ 3/4 என்று எழுதி, இரண்டையும் பன்னிரண்டில் பங்காக்கச் சொல்லுங்கள். 8/12, 9/12. இரண்டும் ஒரே அளவுத் துண்டுகள். ஆகவே விடை 8/9. அந்த எட்டு எப்படி வந்தது, 2 × 4. ஒன்பது, 3 × 3. இப்போது 2/3-க்குப் பக்கத்தில் 4/3-ஐப் போட்டுப் பெருக்கச் சொன்னால், பிரம்மகுப்தரின் விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.