கடைந்தெடுத்த பேனையும் காந்தியாரின் கேள்வியும்

கைப்பணிச் சந்தைகளில் மரத்திலும் எபோனைட்டிலும் கடைந்தெடுத்த பேனைகளை இப்பொழுது காண முடிகிறது. இருபது வகைகளை மேசையிற் பரப்பி வைப்போரும் உண்டு. இரண்டே வகைகளோடு நாள் முழுவதும் அமர்ந்திருப்போரும் உண்டு. எதனை விற்பது, எதனை விடுவது என்பது கைவினைஞருக்கு வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. ஆனால் அது புதிய பிரச்சினையன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, கடைசல் பட்டறை ஒன்றின் வாசலில் அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. அதனை எழுப்பியவர் காந்தியார்.

எமது முன்னோரின் எழுத்தாணி கொல்லனுடைய உலையிற் பிறந்தது. ஐரோப்பாவில் மையில் தொட்டெழுதும் பேனைகளுக்கு மரத்தாலும் எலும்பாலும் காம்புகளைக் கடைந்தனர். 1884 இல் நியூயோர்க்கில் லூயிஸ் வோட்டர்மன் தமது ஊற்றுப் பேனைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் பேனையின் உடலுக்குப் பெரிதும் பயன்பட்டது எபோனைட் என்னும் கடின இறப்பராகும். இறப்பருடன் அதிகளவு கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது மரம்போல் இறுகிவிடும். மை அதனை அரிப்பதில்லை. கடைசல் உளிக்கு அது இணங்கிக் கொடுக்கும். கருங்காலி மரத்தை ஒத்த கருமை கொண்டதால், அம்மரத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்தே எபோனைட் என்ற பெயரும் உருவாயிற்று. பிரேசிலில் ஹென்றி விக்ஹாம் சேகரித்த விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள், 1876 இல் கம்பகாவின் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழிலின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

அன்றைய சென்னை மாகாணத்திற்குட்பட்ட கோதாவரிக் கரை நகரான ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் என்ற கைவினைஞர் இருந்தார். 1921 இல் காந்தியாரைச் சந்தித்தபோது, சாதாரண மக்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைச் சுதேசியாகச் செய்யுமாறு காந்தியார் கேட்டுக்கொண்டதாக அவரது குடும்பத்தினர் கூறி வருகின்றனர். முப்பதுகளின் தொடக்கத்தில் ரத்னம் பேனை செய்யத் தொடங்கினார். ஆனால் அவர் முதலிற் கொடுத்த பேனையில் வெளிநாட்டு உறுப்பும் இருந்தமையால் காந்தியார் அதனை ஏற்கவில்லை என்பது அக்குடும்ப வரலாற்றின் அடுத்த பகுதி. பின்னர் எல்லா உறுப்புகளையும் உள்நாட்டிலேயே செய்ய முயன்ற ரத்னத்தின் பேனை, அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியாரைச் சென்றடைந்தது. குமரப்பா தஞ்சாவூரிற் பிறந்த தமிழர். 1935 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் திகதி வார்தாவிலிருந்து காந்தியார் நன்றிக் கடிதம் எழுதினார். பேனையைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைத்தெருவிற் காணப்படும் வெளிநாட்டுப் பேனைகளுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் அதிற் குறிப்பிட்டிருந்தார்.

அழகையோ விலையையோ முதலிற் பாராமல், "இதில் எது உன்னுடையது?" என்று பார்த்தமையே இந்நிகழ்ச்சியின் சாரம். அக்கேள்வி எளிதன்று. உடலையும் மூடியையும் தேர்ந்த கடைசற்காரர் எவரும் செய்துவிடலாம். முட்கூர் அவ்வாறானதன்று. உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து, நுனியில் தேயாத கடின உலோகத் துளியை ஒட்ட வேண்டும். மையை முள்ளுக்குக் கொண்டு செல்லும் நாக்கில் மயிரிழை அகலத்தில் பள்ளங்கள் வெட்ட வேண்டும். ஒரு புதிய மாதிரியைச் சேர்ப்பதாயின் அதற்குரிய துளை அளவு, மரையளவு யாவும் மாறும். ஆதலால் பழைய பட்டறைகள் சில மாதிரிகளையே திரும்பத் திரும்பச் செய்தமைக்குச் சோம்பலைக் காரணமாகக் கூற முடியாது. பழகிய அளவிலேயே மூடியும் உடலும் மை கசியாமற் பொருந்தும்.

1945 ஒக்டோபரில் நியூயோர்க்கின் கிம்பெல்ஸ் கடையில் ரெனோல்ட்ஸ் குமிழ்முனைப் பேனை 12.50 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 1950 இல் பிரான்சின் பிக் நிறுவனம் மிக மலிவான குமிழ்முனைப் பேனையை வெளியிட்டது. அதன் பின்னர் எழுதுவதற்காக மட்டும் கைவினைப் பேனையை வாங்க வேண்டிய தேவை படிப்படியாக அற்றுப் போயிற்று. தொழிற்சாலை மலிவாகவும் குறைவின்றியும் எழுதித் தரும்போது, கைவினைஞர் விற்க வேண்டியது வேறொன்றாயிற்று. இன்று திருவள்ளூரின் ரங்கா பட்டறையில் கையாற் கடையப்படும் எபோனைட் பேனைகள் உலகெங்கும் போகின்றன. அவற்றுட் பலவற்றில் பொருத்தப்படுவது ஜேர்மனிய முட்கூர். வாங்குபவரும் அதனை அறிந்தே கேட்டு வாங்குகிறார். காந்தியாரின் அளவுகோலில் இது தேறாது. ஆனால் ஒளிவுமறைவு இல்லை. எது கைவேலை, எது வாங்கிய உறுப்பு என்பது சொல்லியே விற்கப்படுகிறது.

சந்தை மேசைகளில் மிகுதியாகக் காணப்படும் மரப் பேனையின் கதை வேறு. அதன் உள்ளுறுப்புகள் தொகுதியாகவே கிடைக்கின்றன. பெரும்பாலும் தாய்வானிலோ சீனாவிலோ செய்யப்பட்டவை. மரத்துண்டைத் துளைத்து, 7 மிலிமீற்றர் பித்தளைக் குழாயை ஒட்டி, கடைந்து, மெருகிட்டு, உறுப்புகளை அழுத்திப் பொருத்தினால் பேனை முடிந்தது. கை தேர்ந்தவருக்கு ஒரு மணி நேரமும் தேவையில்லை. இதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை. எனினும் இங்கு கைவினைஞருடையது அந்த மரமும், அதற்கு அவர் கொடுத்த வடிவும், மெருகும் மட்டுமே. ஆகவே எந்த மரம் என்பதிலேயே தெரிவின் பாரம் முழுவதும் வந்து விழுகிறது.

இவ்விடத்தில் எமது தீவின் வரலாறு ஓர் எச்சரிக்கை. கலமந்தர் என்று ஐரோப்பியர் அழைத்த இலங்கைக்கே உரிய மரம், குடியேற்றக் காலத் தளபாடங்களுக்காக வெட்டப்பட்டு அருகிப் போயிற்று. கருங்காலியை இன்று அனுமதியின்றித் தறிக்கவோ கொண்டு செல்லவோ இயலாது. சர்வதேச யானைத்தந்த வணிகத்துக்கு எதிரான தடை 1989 இல் முடிவு செய்யப்பட்டது. அரிய பொருள் என்பதனாலேயே ஒரு பேனைக்கு விலை கூறுவது, அடுத்த தலைமுறைக் கைவினைஞரின் பங்கையும் சேர்த்து விற்பதாகும்.

மாற்று இல்லாமல் இல்லை. பழைய வீடுகளைப் பிரிக்கையிற் கிடைக்கும் முதிரையும் பலாவும் உண்டு. வடக்கில் முதிர்ந்த பனையின் வைரம் உண்டு. கறுப்பு நார்கள் வரிவரியாக ஓடும் அதன் அழகு பேனை அளவிலேயே நன்கு தெரியும். உயிருள்ள பனையைத் தறிக்க வேண்டியதில்லை. பழைய கைமரத் துண்டு போதும். ஆனால் பனை கடைசலுக்கு இலகுவில் இசையாது. கடின நார்களுக்கிடையில் மென்மையான பகுதி இருப்பதால் உளி பட்டதும் பிய்ந்துவிடும். மெல்லிய பசையை ஊறவிட்டு, கூரிய உளியாற் சிறிது சிறிதாகக் கடைய வேண்டும். பத்தில் இரண்டு மூன்று பழுதாகலாம். அப்பழுதையும் சேர்த்தே விலை குறிக்க வேண்டும். போரிலே காவலரண்களுக்காகப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்ட மண்ணில், ஒரு பழைய பனங்கைமரம் பேனையாக மாறுவதற்கு வேறு விளம்பரம் தேவையில்லை.

ஆகவே மேசையில் வைக்கும் பேனை மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும் என்பேன். மை தீர்ந்ததும் மாற்றும் ரீபில் சாதாரணக் கடையிற் கிடைக்க வேண்டும்; கிடையாதாயின் ஆறு மாதத்தில் அப்பேனை வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். ஒரே ஆண்டில் உரிந்துபோகும் மலிவான தங்க முலாம், எத்தனை பேர் கேட்டாலும், மேசைக்கு வரக்கூடாது. பேனை கறுத்தால் கெடுவது செய்தவரின் பெயரே. மூன்றாவதாக, மரம் எங்கிருந்து வந்தது, உலோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குத் தயங்காமல் விடை கூற முடிய வேண்டும். இவற்றைக் கடப்பவை நான்கைந்து வகைகளே ஆயினும் அவை போதும். ராஜமுந்திரிப் பட்டறை தன் பேனையை மீண்டும் செய்தது மூன்றாவது சோதனையில் முதலிற் தவறியதனாலேதான். இன்றைய கைவினைஞரிடம் அதே கேள்வியைக் கேட்கக் காந்தியார் இல்லை, வாங்குபவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.