கோழி யுத்தம்

அமெரிக்காவில் தெலாவேர் மாகாணத்தின் கடலோரத்தில் ஓஷன் வியூ என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1923ஆம் வருஷம் அவ்வூரில், முட்டைக்காக 50 குஞ்சுகள் வேண்டுமென்று சொல்லியனுப்பிய சிஸீல் ஸ்டீல் என்ற அம்மையாருக்கு, பொரிப்பகத்தாரின் பிழையால் 500 குஞ்சுகள் வந்து சேர, அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாமல் வளர்த்து, இளம் பருவத்திலேயே கறிக்கு விற்று லாபம் கண்டார். அதுவரை குடியானவன் வீட்டுக் கோழி பெரும்பாலும் முட்டையிட்டு ஓய்ந்த பின்பே சட்டிக்குப் போகும். கறிக்கென்றே கோழி வளர்க்கும் பெருந்தொழிலுக்கு அந்தப் பிழையே ஓர் ஆரம்பமாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜார்ஜியா, அர்க்கன்ஸா, அலபாமா முதலிய தென் மாகாணங்களில், பருத்தி கைவிட்ட ஏழை விவசாயிகள் இத்தொழிலைப் பற்றிக்கொண்டார்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் கடனும் விவசாயியுடையவை. மக்காச்சோளமும் சோயாவும் மலிந்த தேசமாகையால் கோழியின் விலை வருஷந்தோறும் இறங்கி, உள்ளூர் உண்டு தீராத சரக்கு உறைபனிப் பெட்டிகளில் கப்பலேறி, யுத்தத்தின் வறுமையிலிருந்து மீண்டுகொண்டிருந்த மேற்கு ஜெர்மனியைச் சென்றடைந்தது. திருநாளில் மட்டும் கோழி உண்டுவந்த ஜெர்மானியக் குடும்பங்களுக்கு அது வாராந்தர உணவாயிற்று. அங்கே நாலைந்து பசுக்களோடு சில நூறு கோழிகளும் வளர்த்து ஜீவித்த சிறு பண்ணைக்காரனுக்கோ, தன் கோழியை விற்க வழியில்லாமற் போயிற்று. அவனுடைய முறையீடு நியாயமானது என்பதை நாம் மறுக்க முடியாது.

1962 ஜூலை இறுதியில், மேற்கு ஜெர்மனி உட்பட ஆறு தேசங்கள் சேர்ந்தமைத்த ஐரோப்பியப் பொதுச் சந்தை, கோழி இறக்குமதிக்குப் புதிய வரித் திட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ராத்தலுக்குச் சுமார் 5 சென்டாக இருந்த ஜெர்மானிய வரி 13 சென்டுக்கு மேல் உயர்ந்தது. இந்த வரியின் அந்தரங்கம் கோழியில் இல்லை, தானியத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அரசாங்கங்கள் தங்கள் கோதுமை, பார்லி விவசாயிகளைக் காக்கத் தானிய விலையை உயர்த்தி வைத்திருந்தன. அதனால் அங்கே தீவனம் விலையேறிற்று. தீவனம் ஏறவே கோழி வளர்ப்போரும் நஷ்டமடைந்தார்கள். அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே அயல்நாட்டுக் கோழியின் மேல், விலைக்கேற்ப ஏறியிறங்கும் தீர்வை விதிக்கப்பட்டது. ஒரு விவசாயியைக் காக்க எழுப்பிய சுவர் இன்னொரு விவசாயியின் வாசலை அடைக்க, அதைச் சரிசெய்ய மற்றொரு சுவர் தேவைப்பட்டது என்பதே இதன் சாரம்.

அமெரிக்காவின் ஏற்றுமதி சரிந்தது. அர்க்கன்ஸாவின் செனட்டர் புல்பிரைட், அணு ஆயுதங்களைப் பற்றி நேட்டோ ராணுவக் கூட்டணியின் சபையில் விவாதம் நடக்கையிலேயே குறுக்கிட்டுக் கோழிக்காக வாதாடினார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியுடன் தாம் நடத்திய கடிதப் போக்குவரத்தில் பாதி கோழியைப் பற்றியதே என்று ஜெர்மானியத் தலைவர் அடினவர் சொன்னதாகவும் பேசப்பட்டது. நஷ்டம் 46 மில்லியன் டாலர் என்றது அமெரிக்கா. 19 மில்லியன் என்றது ஐரோப்பா. காட் எனப்பட்ட சர்வதேச வாணிப உடன்படிக்கையின் நிபுணர் குழு 1963 நவம்பரில் 26 மில்லியன் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தொகைக்கு ஈடாகப் பழிவாங்க, கென்னடிக்குப் பின் ஜனாதிபதியான ஜான்சன் 1963 டிசம்பர் 4ஆம் தேதி, பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்னும் பசைப் பொருள், இலகு ரகச் சரக்கு வாகனம் ஆகிய நான்கின் மேல் வரியை உயர்த்தினார். வாகனத்தின் மேல் 25 சதவீதம். குறி வைக்கப்பட்டது ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன். ஆயினும் உடன்படிக்கை விதிப்படி எல்லாத் தேசத்து வாகனங்களுக்கும் ஒரே வரியே விதிக்க வேண்டியிருந்ததால், கோழி வழக்கில் சம்பந்தமே இல்லாத ஜப்பானியரும் பின்னாளில் அதைச் சுமந்தார்கள்.

இதனால் கோழி வளர்த்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஜார்ஜியாவில் கொட்டகைக் கடனை அடைக்க இயலாமல் தவித்தவனுக்கு இந்த 25 சதவீதத்திலிருந்து ஒரு சென்டும் வரவில்லை. ஆதாயம் டெட்ராயிட்டின் மோட்டார் ஆலைகளுக்கே சென்றது. சுவருக்குள்ளே இருந்த ஐரோப்பியச் சிறு பண்ணைக்காரனும் நிலைக்கவில்லை. உயர்ந்த விலையின் நிழலில் நெதர்லாந்திலும் பிரான்ஸின் பிரிட்டனி வட்டாரத்திலும் பெருங்கொட்டகைகள் எழுந்தன. இறக்குமதிக்கு அஞ்சிய அதே ஐரோப்பா, பிற்காலத்தில் அரசாங்க மானியத்தோடு மேற்காசிய நாடுகளுக்குக் கோழியை ஏற்றுமதி செய்தது. எந்தச் சிறு விவசாயியின் பெயரால் வரி விதிக்கப்பட்டதோ, அவனுடைய நாலைந்து பசுக்களும் சில நூறு கோழிகளும் அந்தப் பெருங்கொட்டகைகளுக்கு முன் நிற்க முடியாமல் மறைந்தன.

பிராந்தி முதலிய மூன்றின் மேலிருந்த வரிகள் காலக்கிரமத்தில் நீங்கின. வாகனத்தின் மேலிருந்த வரியை மட்டும், அறுபது ஆண்டுகள் சென்ற பின்னும், அமெரிக்கா நீக்கவில்லை. வர்த்தக உலகில் இன்றும் அதற்குக் கோழி வரி என்றே பெயர்.