நாற்றங்காலை எங்கே வைப்பது?

ராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு நாற்றங்காலின் இடம் தெரியும்: பழைய தோட்டத்தை விட்டு விலகி, தண்ணீர் கிடைக்குமிடத்தில், பந்தல் நிழலில். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு நாற்றங்கால் உண்டு. வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களுள் இன்னும் தேறாதவற்றுக்கானது. அது தோட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது: பொதுக் களஞ்சியத்தின் ‘டிரைவர்ஸ்’ அடைவுக்குள் ‘ஸ்டேஜிங்’ என்ற பெயரில். தேவை ஒன்று, விடைகள் எதிரெதிர்.

ஏலத்தில் விலக்கி வைக்கக் காரணம், கட்டே என்னும் தேமல் நோய். அசுவினி பரப்பும் வைரஸ் அது. மருந்து கிடையாது, நோய்ச்செடியைத் தேடிப் பிடுங்கி அழிப்பதே வழி. பழைய செடிகளை ஒட்டி நாற்றுவிட்டால் கன்று நோயோடேயே கிளம்பும். ஆக, இங்கே வேலி இளசைக் காக்கிறது.

நிரலில் திசை தலைகீழ். அரைகுறை டிரைவர் ஒன்று நன்றாக ஓடும் கணினியையே கவிழ்த்துவிடும். அங்கே காக்க வேண்டியது முதிர்ந்ததை. அதனால்தான் ஸ்டேஜிங் டிரைவர் ஏற்றப்பட்டவுடன் கெர்னல் தன்மீதே ‘சி’ என்றொரு கறைக்குறி இட்டுக்கொள்கிறது. பிறகு எழும் பிழைப் புகாரில் அந்தக் கறை காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் நிரலையல்லவா வெளியே வைத்திருக்க வேண்டும்? 2008-இல் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஸ்டேஜிங்கைத் தனிக் களஞ்சியமாகத்தான் தொடங்கினார். அவ்வாண்டு இறுதியில் வந்த 2.6.28 பதிப்பிலேயே அது உள்ளே வந்துவிட்டது. காரணம், கெர்னலின் உள் இடைமுகங்கள் ஓயாமல் மாறுகின்றன. மாற்றுகிறவர் களஞ்சியத்துக்குள் இருப்பதையெல்லாம் சேர்த்தே திருத்துவார். வெளியே இருப்பது அவர் கண்ணில் படாது. அதில் ஒரு வரியும் மாறாமல் இருந்தாலே அடுத்த பதிப்பில் ஓடாமல் போகலாம். ஏலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை: மலைமண் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வெளியிடுவதில்லை.

உள்ளே வந்தால் பிழைத்துவிடும் என்பதுமில்லை. லஸ்டர் என்னும் கோப்பமைப்பு நிரல் 2013-இல் ஸ்டேஜிங்குக்குள் வந்தது. அதை எழுதியவர்களோ உண்மையான வேலையை வெளியே தங்கள் களஞ்சியத்திலேயே தொடர்ந்தார்கள். உள்ளிருந்த பிரதி பின்தங்கி, 2018-இல் நீக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு டிரைவர்களும் பார்ப்பாரின்றி 2010-இல் பிடுங்கப்பட்டவைதாம். 2012-இல் திரும்ப நடப்பட்டு, அவற்றுள் பைண்டர் என்னும் டிரைவர் பின்னர் ஸ்டேஜிங்கை விட்டு நிரந்தர இடத்துக்கே போய்விட்டது. பிடுங்கி எரித்த ஏலச்செடிக்கு அந்த வாய்ப்பில்லை. நிரலின் வரலாறு களஞ்சியத்திலேயே கிடப்பதால் கெர்னல்காரர் துணிந்து பிடுங்கலாம்.

இனி எதிர்பாராத உறவு. ஏலத்துக்குப் பாம்பாடும்பாறையில் 1956 முதலும், மயிலாடும்பாறையில் 1978 முதலும் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. ஆனால் ஏலமலையின் விளைச்சலையே மாற்றிய ஞள்ளானி ரகம், கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்தது. நாற்றுக்கு வேலி கேட்கும் பயிர், தன் பெரிய சோதனையை விளைந்துகொண்டிருந்த தோட்டத்தின் நடுவிலேயே நடத்தியிருக்கிறது! ஸ்டேஜிங்கும் அதைத்தான் செய்கிறது. பரவிய விதமும் ஒன்றே: விதையால் அல்ல, பக்கக்கன்றால். பிரதியெடுத்த நிரலைப் போலவே பக்கக்கன்றும் தாயின் குணத்தையும் குறையையும் சேர்த்தே சுமந்து வரும்.

நாற்றங்காலிலேயே தங்கிவிடுவதை இரண்டும் ஏற்பதில்லை. ஏலநாற்று முதல் நாற்றங்காலிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து குழிக்கும் போயாக வேண்டும். ஸ்டேஜிங் டிரைவரோடு, வெளியேறுமுன் முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒரு கோப்பாகக் கூடவே இருக்கும். அடைவை எங்கே திறப்பது என்பதைவிட இந்தக் கோப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தமிழுக்கான கட்டற்ற நிரல்களைச் சேர்ந்து எழுதுகிறவர்கள், சோதனை நிரலைப் பொதுக் களஞ்சியத்துக்குள்ளேயே தனி அடைவில் வையுங்கள். பொறுப்பாளர் பெயரையும், எந்தப் பதிப்புக்குள் தேறாவிட்டால் நீக்கப்படும் என்பதையும் முதல் நாளே அதில் எழுதிவிடுங்கள்.